மறுகாலை மறந்த அணைகள்

சஹ்யாத்திரியின் தென்கோடி முகடுகள் தாழ்ந்து தாழ்ந்து அரபிக் கடலை நோக்கி இறங்கும் வழியில், ஒரு மேடும் ஒரு பள்ளமுமாக மாறி மாறி வரும் செம்மண் பூமியிலே, கிள்ளியூர் வட்டத்துக் கருங்கல் என்னும் ஊர் அமைந்திருக்கிறது. மேட்டிலே வீடும் தென்னையும் ரப்பரும், சரிவிலே மரச்சீனியும் வாழையும், பள்ளத்திலே நெல் விளையும் ஏலாவும், அந்த ஏலாவின் தலைப்பிலே ஒரு குளமும் என்பதே இப்பக்கத்து நிலத்தின் பழைய அமைப்பு. திருவிதாங்கூர் அரசு 1906 ஆம் ஆண்டில் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் நீர், 1966 இல் எழுந்த மாத்தூர்த் தொட்டிப்பாலத்தின் மேல் ஏறத்தாழ 115 அடி உயரத்தில் பறளியாற்றைக் கடந்து, பட்டணங்கால் வழியாக இப்பிரதேசத்துக்கு வந்து சேர்வதற்கு வெகு காலம் முன்னரே, ஊரார் ஓடையை மறித்துக் கரை போட்டு, வயலுக்கு நீர் பாய ஒரு மடையும், மிகுந்த நீர் வழிந்தோட ஒரு மறுகாலும் வைத்துக் குளங்களைப் பேணி வந்தனர். குமரி மாவட்டத்தில் அவ்விதம் அமைந்த குளங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை.

இப்பொழுது வேறொரு வகைத் தேக்கம் நம்மிடையே தோன்றத் தொடங்கியிருக்கிறது. திற்பரப்புக்குச் சென்று, அருவிக்குக் கீழே குளித்து, அருவிக்கு மேலே தடுப்பணை தேக்கி வைத்த நீரிலே படகில் உலாவித் திரும்புகிறவருக்கு, அத்தகைய சௌகரியம் தம்முடைய நிலத்திலேயே இருக்கக் கூடாதா என்ற ஆசை எழுவது இயல்பே. தோட்டத்தின் நடுவே ஓடும் ஓடையை ஜேசிபி இயந்திரத்தைக் கொண்டு ஓரிரு நாளில் மறித்துவிடலாம். மீன் வளர்க்கலாம், பிள்ளைகள் நீந்தலாம், பக்கத்தில் இரண்டு அறைகளைக் கட்டி விருந்தினருக்கு வாடகைக்கும் விடலாம். குற்றாலத்தைச் சுற்றி இந்த ஆசை எல்லை கடந்து, இயற்கை நீரோட்டத்தைத் திருப்பித் தனியார் விடுதிகளுக்குள் செயற்கை அருவிகளை உண்டாக்கும் அளவுக்குச் சென்றபோது, 2022 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு அத்தகைய விடுதிகளை மூடும்படி உத்தரவிட நேர்ந்தது. ஓடை யாருடையது என்ற அந்தப் பெரிய வழக்கை இங்கே விரிக்கப் போவதில்லை. உரிய அனுமதியோடு, பிறர் உரிமைக்கு ஊறு செய்யாமல் அமைந்த தேக்கமாகவே இருக்கட்டும்; அதை அமைத்தவர் அதன் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியே எழுத விரும்புகிறேன். அமைப்பதில் உற்சாகம் காட்டுகிற நம்மவர் காப்பதில் அதைக் காட்டுவதில்லை என்பது என் நெடுநாளைய கவலை.

அதை அணை என்று சொல்லக்கூட உடையவர் சம்மதிக்கமாட்டார். தோட்டத்துக் குளம் என்பார். ஆயினும் ஒரு ஏக்கர் பரப்பில் சராசரியாக இரண்டு மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால், அதன் எடை ஏறத்தாழ எட்டாயிரம் டன். கரைக்குக் கீழே, அதே பள்ளத்தில், வாழை வைத்திருப்பவரும், ஓடையோரம் வீடு கட்டியிருப்பவரும், சாலையின் கலுங்குப் பாலத்தைக் கடந்து பள்ளிக்குப் போகும் குழந்தையும் இருக்கிறார்கள். தேக்கத்தின் இன்பத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. அதன் அபாயத்திலோ முழுப் பங்கும் அவர்களுடையது. கேளிக்கைக்காகக் கட்டப்படும் ஒவ்வோர் அணைக்கும் உள்ள தார்மிகப் பிரச்சினை இதுவே.

சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுவதற்கில்லை. 2021 ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் பதினைந்து மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள அணைகளையும், பத்து மீட்டருக்கும் பதினைந்து மீட்டருக்கும் இடைப்பட்டவற்றில் நீளத்தாலோ கொள்ளளவாலோ வேறு காரணங்களாலோ முக்கியமானவற்றையும் மட்டுமே தன் கண்காணிப்புக்குள் கொண்டுவருகிறது. நம் ஓடைகளில் எழும் மூன்று மீட்டர், நான்கு மீட்டர்க் கரைகளை மழைக்கு முன்னும் பின்னும் வந்து பார்வையிட வேண்டும் என்று அச்சட்டம் எந்தப் பொறியாளரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே உடையவரே காவலர், உடையவரே பரிசோதகர். இப்பொறுப்பை ஏற்க மனமில்லாதவர் ஓடையில் கை வைக்காதிருப்பதே நலம்.

கேளிக்கை அணை என்றவுடன் நினைவுக்கு வர வேண்டிய ஊர், அமெரிக்க தேசத்துப் பென்சில்வேனியா மாகாணத்தின் ஜான்ஸ்டவுன். அதற்குப் பதினான்கு மைல் மேலே, சௌத் ஃபோர்க் என்னுமிடத்தில், கால்வாய்ப் போக்குவரத்துக்கு நீர் தருவதற்காக அம்மாகாண அரசு எழுப்பிய மண் அணை ஒன்று, ரெயில் வந்தபின் உபயோகமற்றுக் கைமாறிக் கைமாறி, 1879 இல் பிட்ஸ்பர்க் நகரத்துச் செல்வர்கள் கூடி நிறுவிய ஒரு மீன்பிடி, வேட்டைச் சங்கத்தின் உடைமையாயிற்று. ஆண்ட்ரூ கார்னெகி, ஹென்றி ஃபிரிக் முதலிய பெருந்தனவந்தர்கள் அதன் அங்கத்தினர்கள். 72 அடி உயரக் கரைக்குப் பின்னால் நின்ற ஏரியிலே பாய்மரப் படகு விடவும், கரையோர மாளிகைகளில் கோடையைக் கழிக்கவும் அவர்கள் வந்து போனார்கள்.

அந்த அணைக்கு ஆதியில் அடிமட்டத்திலே ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் இருந்தன. வேண்டும்போது நீர்மட்டத்தைத் தாழ்த்துவதற்கு அவையே வழி. இடையில் உடைமையாளராக இருந்த ஒருவர் அவற்றைப் பெயர்த்து, பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டார். பின் வந்த சங்கத்தார் புதியவற்றைப் பதிக்கவில்லை. 1862 இல் ஒரு முறை உடைந்திருந்த பகுதியை மண்ணும் தழையும் வைக்கோலும் சாணமுமாக இட்டு அடைத்தார்கள். இரண்டு வண்டிகள் எதிரெதிரே போக வேண்டும் என்பதற்காகக் கரையின் தலையைச் சில அடி வெட்டி அகலமாக்கினார்கள். அதனால் கரை தாழ்ந்தது, நடுப்பகுதியோ முன்னமே அமிழ்ந்திருந்தது. காசு கொடுத்து வாங்கி விட்ட மீன் வழிந்தோடிப் போகாதபடி மறுகாலின் குறுக்கே இரும்பு வலைத் தடுப்பை நாட்டினார்கள். கீழேயிருந்த இரும்பாலையின் சார்பில் 1880 இல் சென்று பார்வையிட்ட பொறியாளர் ஜான் ஃபுல்டன், நீரைத் தாழ்த்த வழியில்லாமையையும் உடைப்பை அடைத்த முறையின் பலவீனத்தையும் எழுதித் தெரிவித்தார். உங்களுக்கு எங்களால் ஆபத்தில்லை என்ற தோரணையில் சங்கத் தலைவரிடமிருந்து பதில் வந்தது.

1889 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆம் நாள், இரவெல்லாம் பெய்த பெருமழையில் ஏரி கரை தொட எழும்பியபோது, மீன் தடுப்பிலே சருகும் கிளையும் வந்து அடைந்து மறுகால் குறுகிப் போயிருந்தது. திறப்பதற்குக் குழாய் இல்லை. வேலையாட்கள் கரையின் மேல் மண் கொட்டி உயர்த்த முயன்றார்கள், பக்கத்தில் இன்னொரு வாய்க்கால் வெட்ட முயன்றார்கள், மீன் போனாலும் போகட்டும் என்று கடைசியில் தடுப்பைப் பெயர்க்கவும் முயன்றார்கள். அமிழ்ந்திருந்த நடுக்கரையின் மேல் நீர் ஏறி வழியத் தொடங்கிய பின் மனிதப் பிரயத்தனத்துக்கு இடமில்லாது போயிற்று. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வெள்ளம் ஜான்ஸ்டவுனை அடைந்தது. 2,209 பேர் மாண்டனர். அவர்களுள் எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் இன்னார் என்று அடையாளம் காணப்படாமலே அடக்கம் செய்யப்பட்டனர். தந்தி மூலம் எச்சரிக்கை போகாமலில்லை. ஆண்டுதோறும் அணை உடையப் போகிறது என்ற வதந்தியைக் கேட்டுக் கேட்டு அலுத்திருந்த நகரம் அதைப் பொருட்படுத்தவில்லை.

அந்தச் சங்கத்தார் செய்த ஒவ்வொரு காரியமும் நம் தோட்டத்துக் குளத்திலே சிறு அளவில் நடக்கக்கூடியதே. மறுகாலில் வலை கட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. கரையின் மேல் ஜீப் போக வேண்டும் என்று தலையைச் சமன் செய்வதும் உண்டு. இவையெல்லாம் ஏன் கொடிய பிழைகள் என்பதை அறிய மண் கரையின் சுபாவத்தைச் சிறிது அறிதல் வேண்டும். கல்லணையின் மேல் நீர் வழிந்தால் பெரும்பாலும் தீங்கில்லை. மண் கரையின் மேல் வழிந்தாலோ, கீழ்ச்சரிவில் விழும் நீர் முதலில் புல்லைப் பெயர்த்து, பின் மண்ணை அரித்து, பள்ளத்தைப் பின்னோக்கிக் கரைத் தலைவரை கொண்டு வந்து, சில மணி நேரத்தில், சில சமயம் சில நிமிஷங்களில், கரையைப் பிளந்துவிடும். ஆகையால் மண் அணையின் உயிர் அதன் கரையில் இருப்பதைக் காட்டிலும் அதன் மறுகாலிலே இருக்கிறது.

அம்மறுகால் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்? குளத்துக்கு நீர் தரும் சரிவு 25 ஹெக்டேர் என்று கொள்வோம். நம் நாட்டு ஐப்பசி மழை ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டி, அதில் நூற்றுக்கு அறுபது பங்கு ஓடி வந்தால், வினாடிக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் லிட்டர் நீர் குளத்தில் சேரும். அரை மீட்டர் ஆழத்தில் அதை வழிய விடுவதற்கு மூன்றரை மீட்டர் அகலத்துக்குக் குறையாத திறந்த மறுகால் வேண்டும். மழை இரட்டித்தால் அகலமும் இரட்டிக்க வேண்டும். 2021 நவம்பரில் மாவட்டமே வெள்ளத்தில் தத்தளித்ததைக் கண்டவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது. இதற்குப் பதிலாகப் பலர் செய்வது, கரையின் மேற்பகுதியில் ஓரடி விட்டமுள்ள ஒரு குழாயைப் பதித்து, நீர் இதன் வழியே போய்விடும் என்று நிம்மதி கொள்வது. கணக்குப்படி அத்தகைய குழாய்கள் பத்துக்கு மேல் வேண்டும். ரப்பர் இலை உதிர்ந்து மிதந்து வந்து அடைத்துக்கொண்டால் பத்தும் பயன்படா. மறுகால் கரையின் மேல் அமையாமல், ஒரு பக்கத்துக் கெட்டித் தரையை வெட்டி அமைய வேண்டும். பாறை கிடைத்தால் உத்தமம், இல்லையேல் கல் பாவ வேண்டும். அதன் தளத்துக்கும் கரைத் தலைக்கும் இடையில் ஒரு மீட்டர் உயர வித்தியாசமாவது இருத்தல் நலம். புதுக்கரை அமிழும் என்பதால் நடுவில் சற்று உயர்த்திப் போடுவது பழைய வேலைக்காரர்களின் வழக்கம். தாழ்ந்த இடத்தைத் தேடித்தான் வெள்ளம் வரும்.

கரைக்கு மேலே வரும் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். கரைக்குள்ளே நடப்பது தெரியாது. எல்லா மண் கரையிலும் சிறிது கசிவு இருக்கும். ஈரமான கீழ்ச்சரிவைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. கசிகிற நீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துத் தெளிய வைத்துப் பார்க்க வேண்டும். தெளிந்த நீர் நாள்தோறும் ஒரே அளவில் வந்தால் கண்காணித்திருப்பது போதும். அடியில் மண் படிந்தால், கரை தன் உள்ளிருப்பைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இவ்விதக் கசிவு பெரும்பாலும் தொடங்குவது கரையின் குறுக்கே பதித்த பிவிசி குழாயின் வெளிப்புறத்தில்தான். வழவழப்பான குழாயைச் சுற்றி மண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தாவிட்டால், அந்த இடுக்கு நீருக்குப் பாதையாகிவிடும். வெட்டுக்கல் நிலத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அதன் துளைகள் வழியே நீர் வெகுதூரம் ஊடுருவும். கலங்கல் நீர் பொங்கும் வாயைக் களிமண்ணாலோ சிமெண்டாலோ அடைப்பது நம்மவர் முதலில் செய்யும் காரியம். அடைபட்ட நீர் வேறிடத்தில் பீறும். அந்த வாயின் மேல் முதலில் மணலும், அதன் மேல் சரளையும், அதன் மேல் கல்லும் பரப்பினால், நீர் வெளியேறும், மண் உள்ளே தங்கும். உடனே குளத்தின் மட்டத்தைத் தாழ்த்திவிட்டு, அணை அறிந்த பொறியாளர் ஒருவரை அழைத்து வருவது அடுத்த காரியம்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் குளக்கரையில் மரம் நடுவது புண்ணியம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பெரிய ஏரிகளின் அகன்ற கரைக்குப் பொருந்தினும் பொருந்தலாம். ஒல்லியான தோட்டக் கரைக்குப் பொருந்தாது. வேர் கரையைத் துளைத்துச் செல்கிறது. மரம் பட்டால் வேர் மக்கி, அது இருந்த இடம் குகையாகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இம்மாவட்டத்து ரப்பர் மரங்களை எப்படி வேரோடும் மண்ணோடும் பெயர்த்தெறிந்தது என்பதைக் கருங்கல் பக்கத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய மரம் ஒன்று கரையில் நின்றிருந்தால், அது விழும்போது கரையின் ஒரு பகுதியையும் கூடவே கொண்டுபோயிருக்கும், அதுவும் குளம் நிரம்பி நிற்கும் வேளையில். கரைக்கு ஏற்ற ஆடை அருகும் வெட்டிவேரும். செடி கைத்தடி அளவு தடிக்கும் முன்பே களைந்துவிட வேண்டும்.

நண்டும் பெருச்சாளியும் உடும்பும் வளை தோண்டும்; கரையானும் புற்று வைக்கும். 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்து ரத்தினகிரி மாவட்டத்தில் திவரே அணை இரவில் உடைந்து பத்தொன்பதுக்குக் குறையாத உயிர்கள் போனபோது, நண்டு வளைகளே காரணம் என்று மாநில அமைச்சர் ஒருவர் கூறினார். கசிவைப் பற்றி ஊரார் முன்கூட்டியே முறையிட்டிருந்தார்கள். நண்டு கரையைத் துளைக்கும் என்பது மெய். ஆனால் புல்லை வெட்டி, கரையை நடந்து பார்த்து, வளையைக் கண்டு, தோண்டி, ஈர மண் இட்டு இறுக்கும் மனிதன் ஒருவன் இருந்தால் அது அணையைச் சாய்க்காது. ஊரார் சொல்லைக் காதில் வாங்காதவர்கள் பின்னர் நண்டின் மேல் பழி போடுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

இனி, உடைந்தால் யார் பொறுப்பு? சென்னை ராஜதானியிலேயே இதற்கு ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு. கார்வேட்டிநகரம் ஜமீன்தாரின் ஏரிகள் பெருமழையில் உடைந்து ரெயில் பாதையைச் சேதப்படுத்தியதற்காக மெட்ராஸ் ரெயில்வே கம்பெனி நஷ்டஈடு கேட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1868 இல், இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் என்னும் ஆலை முதலாளி கட்டிய நீர்த்தேக்கம் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பாய்ந்த வழக்கில், தம் நிலத்தில் அபாயகரமான பொருளைக் கொண்டுவந்து குவிப்பவர், அது தப்பி வெளியேறிச் செய்யும் நாசத்துக்குத் தம்மிடம் கவனக்குறைவு இல்லையென்றாலும் பொறுப்பாளியே என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்திருந்தது. அந்த நெறியைத்தான் ரெயில்வே கம்பெனி இங்கே நாடியது. 1874 இல் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. தொன்றுதொட்டு வரும் அவ்வேரிகள் மக்களின் பயிருக்கு இன்றியமையாதவை. அவற்றைப் பேணுவது ஜமீன்தாரின் கடமை. ஆகவே கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டாலன்றி அவர் பொறுப்பல்லர் என்பது அதன் கருத்து. அந்தப் பாதுகாப்பு எதன் மேல் நிற்கிறது என்பதைத் தோட்டத்துக் குளம் உடையவர் ஊன்றிப் பார்க்க வேண்டும். ஊர் முழுவதற்கும் சோறு அளித்த ஏரிக்குக் கிடைத்த சலுகை, சனி ஞாயிறுகளில் படகு விடுவதற்காகத் தேக்கிய நீருக்கு ஏன் கிடைக்க வேண்டும்? ஜான்ஸ்டவுனில் அந்தச் சங்கத்தார்மீது நீதிமன்றத்தில் பொறுப்பு சாட்ட முடியாது போயிற்று. அந்த அநியாயத்தின் மேல் எழுந்த கொந்தளிப்புக்குப் பின்னரே அமெரிக்க நீதிமன்றங்கள் பலவும் ரைலண்ட்ஸ் நெறியை ஏற்கத் தலைப்பட்டன.

பராமரிப்புக்கு நம் மாவட்டத்தில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவ மழையும் ஐப்பசி மழையும் இரண்டும் நமக்குப் பெய்வதால், குளம் வற்றிக் கரை முழுவதும் கண்ணுக்குத் தெரியும் காலம் மாசி முதல் சித்திரை வரை மட்டுமே. அந்தச் சில மாதங்களை வீணாக்கலாகாது. மதகையோ வால்வையோ முழுதும் திறந்து மூடிப் பார்த்தல், மட்டப் பலகை வைத்துக் கரைத் தலை எங்கேனும் அமிழ்ந்திருக்கிறதா என்று அளத்தல், மறுகாலில் முளைத்த செடிகளையும் யாரேனும் நட்ட குச்சிகளையும் அகற்றுதல், கீழ்ச்சரிவின் அடியில் ஈரம் எங்கே நிற்கிறதென்று குறித்து வைத்தல் எல்லாம் அப்பொழுதுதான் நடக்க வேண்டும். எழுதி வைப்பது முக்கியம். போன ஆண்டு கசிந்த அளவு தெரியாதவருக்கு இந்த ஆண்டு கசிவது அதிகமா குறைவா என்று எப்படி விளங்கும்? மழை பொழியும் நாளிலோ, கரைப் பக்கம் ஒருவர் இரவிலும் போய்ப் பார்த்து வர வேண்டும். கீழே குடியிருக்கும் குடும்பங்களின் தொலைபேசி எண்கள் உடையவர் வசம் இருக்க வேண்டும். அணை இருக்கும் செய்தியே அவர்களுக்குத் தெரியாமல் இருப்பது பெருங்குற்றம். நீந்த வருவோரையும் மதகின் அருகிலும் மறுகால் சரிவின் அடியிலும் நெருங்கவிடக் கூடாது. தடுப்பின் மேலிருந்து விழும் நீர் அடிவாரத்தில் சுழன்று ஆளைத் திரும்பத் திரும்ப உள்ளிழுக்கும், நீச்சல் தேர்ந்தவரும் அதிலிருந்து மீள்வது அரிது.

குளத்தை வெட்டியவர் மூப்படைவார். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். தோட்டம் குத்தகைக்குப் போகும். கரையில் செடி மரமாகும். இவ்வாறு கைவிடப்படும் அணையே மிகவும் அபாயகரமானது. பேண இயலாத நிலை வந்துவிட்டால் வெட்கப்படாமல் அதைக் கலைத்துவிட வேண்டும். அதற்கும் காலமும் முறையும் உண்டு. கோடையில், நாளொன்றுக்கு ஓரடிக்கு மேற்படாமல் நீரைத் தாழ்த்த வேண்டும். அவசரமாக வடித்தால் உட்சரிவு ஈரக் கனத்தோடு சரிந்து விழும். நீர் முழுதும் வடிந்தபின், கரையை ஓடையின் பழைய தரைமட்டம் வரை வெட்டித் திறந்து, வெட்டின் இரு பக்கங்களையும் சாய்வாக்கி, எந்த மழையிலும் மறுபடி நீர் தேங்காத அளவுக்கு அகலமாக விட்டு, வெட்டிய மண்ணை ஓடையில் தள்ளாமல் மேட்டிலே கொண்டுபோய்ப் பரப்பி, இடவப்பாதிக்கு முன்னரே அதன் மேல் புல் பிடிக்கச் செய்ய வேண்டும்.